சேலத்தில் முதல் வேட்டைக் கத்தி: ஆக்ஸா பிளேடா, லாரிப் பட்டையா, புது எஃகா?

கையால் ஒரு வேட்டைக் கத்தி செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் முதலில் எழும் கேள்வி, எந்த இரும்பு என்பது. யூடியூபைத் திறந்தால் ஒருவர் பேரிங் என்கிறார், இன்னொருவர் லாரிப் பட்டை (லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடு) என்கிறார், அமெரிக்காக்காரர் 1084 என்று ஏதோ நம்பர் சொல்கிறார். அது செவ்வாய்ப்பேட்டையில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. இரும்பைப் பற்றி யோசிக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது வேறொன்று என்பது என் கட்சி. கத்திக்குத் தோய்ச்சல், அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கும் வேலை, எங்கே, யார் கையால் நடக்கப்போகிறது? வீட்டுக் கொல்லைப்புறத்திலா, ஊர்க் கொல்லுப்பட்டறையிலா, கோயம்புத்தூர் ஃபர்னஸிலா, இல்லை தோய்ச்சல் வேலையே வேண்டாமா? இதற்கு விடை தெரிந்தால் இரும்பு தானாக முடிவாகிவிடும். இரும்பை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் தோய்ச்சலைத் தேடி அலைபவர்கள்தான் பாதிக் கத்தியோடு நிற்கிறார்கள்.

சட்டத்தை முதலிலேயே பேசிவிடுவோம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு சேர்வராயன் மலையில் முயல் பிடித்தாலும் வழக்குதான். காட்டுப்பன்றி தோட்டத்தையே உழுதுவிட்டுப் போனாலும் நாமாகக் கை வைக்க முடியாது. ஆகவே கத்தியின் வடிவம் வேட்டைக்காரருடையதாக இருக்கட்டும், அதற்கான வேலை நம்முடையது: கெடா விருந்தில் தோலுரிப்பது, கறியை எலும்பிலிருந்து பிரிப்பது, மேட்டூர் மீனைச் சுத்தம் செய்வது, காப்பித் தோட்டத்தில் கயிறு அறுப்பது. ஆயுத விதிகளின் கணக்கில் வருபவை 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான அலகுகள். அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. நாலு அங்குல அலகு, ஒன்றேகால் அங்குல அகலம், முதுகில் மூன்று மில்லிமீட்டர் கனம், அலகும் கைப்பிடிக்குள் ஓடும் பாகமும் ஒரே தகடு. முதல் கத்திக்கு இதுவே போதும், அந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கியும் விடும். அதற்காக ஏற்காடு பஸ்ஸில் இடுப்பில் செருகிக்கொண்டு ஏறாதீர்கள். அங்கே யாரும் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்க மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் சேலத்துக்குப் பழைய பெயர் உண்டு என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் தேடி வாங்கிய கத்திகளில் சேலம் கத்தியும் ஒன்று. அருணாசலம் பட்டறையில் அடித்தவை. ஆங்கில எழுத்தில் ‘அர்னாசெல்லம், சேலம்’ என்று முத்திரை குத்தியிருக்கும். பழைய ஆயுதங்களை ஏலம் விடும் இங்கிலாந்து நிறுவனங்களின் பட்டியலில் இன்னமும் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது நம்பியதும் சேலத்து இரும்புத் தாதுவைத்தான். கஞ்சமலை முழுக்க அந்தத் தாது இன்னமும் கிடக்கிறது. அந்தப் பெருமையால் நம் கத்தி வெட்டிவிடாது, அதனால் விஷயத்துக்கு வருவோம்.

தோய்ச்சலே வேண்டாம் என்றால்

லேத் பட்டறைகளில் இரும்பு ராடு அறுக்கும் பவர் ஆக்ஸா மெஷினைப் பார்த்திருப்பீர்கள். அதில் பூட்டும் பெரிய பிளேடு, பல் தேய்ந்ததும் மூலைக்குப் போய்விடும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கலாம். அது ஹை ஸ்பீடு ஸ்டீல். டங்ஸ்டன், மாலிப்டினம் போன்றவை சேர்ந்த எஃகு. கம்பெனியிலேயே தோய்ச்சல் முடித்து, 550 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பதம் போட்டு (தோய்த்த எஃகை மிதமாகச் சுடவைத்து நொறுங்காமல் ஆக்குவதுதான் பதம்) அனுப்புகிறார்கள். நமக்கு இதில் பெரிய சௌகரியம் இருக்கிறது. சாதாரண கார்பன் எஃகைக் கிரைண்டரில் தேய்க்கும்போது விளிம்பு நீலமாக மாறினால் 300 டிகிரியை எட்டிவிட்டது, அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். ஹை ஸ்பீடு ஸ்டீல் அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. கை பழகாதவர் ஆங்கிள் கிரைண்டரோடு போராடும்போது இந்தப் பொறுமை ரொம்ப உதவும். ஆனாலும் பழுக்கக் காய்ச்சிவிட்டுத் திடீரென்று தண்ணீரில் முக்காதீர்கள், மயிரிழை வெடிப்பு விடும். விட்டு விட்டுத் தேய்த்து ஆற விடுங்கள்.

வாங்கும்போது ஒரு சோதனை. பிளேடின் முதுகில் அரத்தை வைத்து இழுங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் முழுக்கவே கடினமான பிளேடு, நமக்கு வேண்டியது அதுதான். அரம் கடித்தால் அது பைமெட்டல்: பல் மட்டும் ஹை ஸ்பீடு ஸ்டீல், பின்பக்கம் வளையும் எஃகு. அதில் பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டால் கத்திக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

குறைகளும் உண்டு. இந்தப் பிளேடு பெரும்பாலும் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனம்தான். கையில் வேட்டைக் கத்தியின் கனம் தெரியாது, நல்ல சமையலறைக் கத்தி மாதிரி இருக்கும். எலும்பு மூட்டில் வைத்து நெம்பினால் படக்கென்று ஒடியும். சாதாரண டிரில் பிட் இதில் இறங்காது. கார்பைடு பிட் வேண்டும். இரண்டு முனையிலும் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் ஒன்றைக் கைப்பிடி ஆணிக்குப் பயன்படுத்திக்கொண்டால் பாதிக் கவலை தீரும். எல்லாவற்றுக்கும் மேல், இந்த வழியில் போனால் வடிவம் கொடுக்கவும் சாணை பிடிக்கவும் கைப்பிடி போடவும் கற்றுக்கொள்வீர்கள், நெருப்பைக் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். அடுக்குமாடியில் இருப்பவருக்கு அது போதும். முதலில் ஒன்று செய்து பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்பவருக்கும் போதும்.

லாரிப் பட்டையும் கொல்லுப்பட்டறையும்

சங்ககிரி பக்கத்தில் இருக்கிறது, இந்தப் பக்கம் நாமக்கல். லாரிப் பட்டைக்கா நமக்குப் பஞ்சம்? மலிவு, நல்ல எஃகு, மாவட்டத்துக் கொடுவாள்களில் பெரும்பாலானவை அதில் அடித்தவைதான். அதனாலேயே எல்லோரும் முதலில் இதைச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் கத்திக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

முதல் சிக்கல் கனம். லாரிப் பட்டை எட்டு மில்லிமீட்டரிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கும். ஜீப்புக்கு உள்ளது கொஞ்சம் மெல்லிசு. அதிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தகடு வேண்டுமென்றால் உலையில் காய்ச்சி அடித்து நீட்ட வேண்டும். கிரைண்டரிலேயே தேய்த்து எடுக்கிறேன் என்று உட்கார்ந்தால் டிஸ்க் வாங்கிய காசில் நல்ல எஃகுத் துண்டே வாங்கியிருக்கலாம். ஆக, பட்டை என்றாலே சம்மட்டியும் அடைகல்லும் கூடவே வந்துவிடுகின்றன.

இரண்டாவது, அது என்ன எஃகு என்று யாருக்கும் தெரியாது. நம் ஊர் வண்டிகளின் பட்டைகளில் சிலிக்கானும் மாங்கனீசும் கூடிய ரகம் உண்டு, குரோமியம் சேர்ந்த ரகம் உண்டு, வனேடியம் கலந்ததும் உண்டு. எல்லாவற்றிலும் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதத்தைச் சுற்றி இருந்தாலும் தோய்ச்சல் சூடும் நடத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். அதோடு, பல வருஷம் பாரம் சுமந்து வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஒளிந்திருக்கும். அடிக்கும்போது தெரியாது, தோய்ச்சல் போடும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பட்டை மாற்றும் பட்டறையில் புதுப் பட்டையில் வெட்டிய துண்டு கிடைத்தால் அதை வாங்குங்கள். பழைய பட்டையைவிடக் காசு கூடத்தான் ஆகும், ஆனாலும் வாங்குங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம், கொல்லரின் கைப்பழக்கம். கொடுவாள் அடிப்பவர் தோய்ச்சல் போடும் விதத்தை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும். அலகு செக்கச் செவேலென்று வந்ததும் வெட்டுவாய்ப் பக்கத்தை மட்டும் தண்ணீரில் காட்டி எடுக்கிறார். முதுகில் சூடு மிச்சம் இருக்கிறது. வாயை மணலிலோ கல்லிலோ தேய்த்து வெளுப்பாக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். முதுகுச் சூடு வாய்க்கு நகரும்போது நிறம் ஓடிவருகிறது: முதலில் இளம் வைக்கோல் நிறம், அது 200 டிகிரியைத் தாண்டியதற்கு அடையாளம், அப்புறம் பழுப்பு, 250-ஐ ஒட்டி, பிறகு ஊதா, நீலம். தனக்கு வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் முழுசாகத் தண்ணீரில் போட்டு நிறுத்திவிடுகிறார். தெர்மாமீட்டர் இல்லை, கடிகாரம் இல்லை. தோய்ச்சலும் பதமும் ஒரே காய்ச்சலில் முடிகின்றன.

அந்த முறை கொடுவாளுக்காகவே உருவானது. கொடுவாள் முள்வேலியையும் தேங்காயையும் மூங்கிலையும் ஓங்கி வெட்ட வேண்டும். வாய் கொஞ்சம் மிருதுவாக, ஒடியாமல் இருக்க வேண்டும். மழுங்கினால் வயலிலேயே அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்ளலாம். வேட்டைக் கத்தி வேறு ஜாதி. அதன் வாய் மெல்லியது, ஓங்கி வெட்டும் வேலை இல்லை, அறுத்துக்கொண்டே போக வேண்டும். கடினத்தைக் கணக்கிடும் ராக்வெல் அளவில் 57, 58 வந்தால்தான் ஒரு கெடாவை முழுக்க உரித்து முடிக்கும்வரை கூர் நிற்கும். பழக்கப்பட்ட கொல்லரிடம் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் அவர் உங்களுக்கு அருமையான ஒரு குட்டிக் கொடுவாளைத்தான் கொடுப்பார். வாய்க்குப் பின்னால் கனம், அரம் ஏறும் அளவு மிருது. தோல் உரியும், பாதியிலேயே மழுங்கியும் போகும்.

எண்ணெயில் தோய்க்கச் சொல்லிப் பாருங்கள். “தண்ணியில தோய்ச்சாத்தான் தம்பி வெட்டும். எண்ணெயில போட்டா பணியாரந்தான் வேகும்” என்று ஓர் ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவர் சிரித்துவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்த இரும்புக்கும் தெரிந்த வேலைக்கும் அவர் சொன்னது சரிதான். மெல்லிய அலகை முழுசாகத் தண்ணீரில் முக்கினால் கோணிக்கொள்ளும், வெடிக்கும். வாய் மட்டும் நனைப்பதால் அவர் தப்பிக்கிறார். இந்த ரகப் பட்டைகளை எண்ணெயில் தோய்க்கலாம், தோய்க்கவும் வேண்டும்.

அதனால் பட்டறைக்குப் போவதென்றால் வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது. அடித்து நீட்டி உருவம் கொடுக்கும் வரை அவர் கை. அதில் நாம் பக்கத்தில் நின்று சம்மட்டி போட்டால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, குறட்டைப் பிடிப்பதே ஒரு பாடம். அலகை மறுபடி செங்காய்ச்சலாக்கி, உமிச் சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டு எடுத்து வந்தால் அரமும் டிரில்லும் ஏறும் அளவுக்கு இளகியிருக்கும். மற்றதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நம்முடைய பொழுதுபோக்குக்காக அவர் கொடுவாள் அடிக்கும் நேரத்தை விடுகிறார்.

சொந்த உலை, பெயர் தெரிந்த எஃகு

என் ஓட்டு இதற்குத்தான். எஃகு புதியது, கார்பன் எவ்வளவு என்று பில்லிலேயே தெரியும், கனம் நமக்கு வேண்டிய மூன்று மில்லிமீட்டர். அடிக்கும் வேலை இல்லை. தகட்டில் கோடு போட்டு, வெட்டி, தேய்த்து உருவாக்குகிறோம். நெருப்பை மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

எந்த எஃகு? இங்கேதான் இணையத்தில் கிடைக்கும் யோசனையும் என் யோசனையும் பிரிகின்றன. பலரும் சொல்வது ஈஎன்31, அதாவது பேரிங் எஃகு. கார்பன் 1 சதவீதம், குரோமியம் ஏறக்குறைய ஒன்றரை. சரியாகத் தோய்த்தால் அற்புதமாகக் கூர் நிற்கும். அந்தச் ‘சரியாக’ என்பதில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார். அதற்குள் இருக்கும் குரோமியம் கார்பைடு (குரோமியமும் கார்பனும் சேர்ந்த கடினத் துகள்) கரைய வேண்டுமானால் 830, 840 டிகிரியில் சில நிமிடங்களாவது அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். கரி உலையில் கண்பார்வையில் நிற்கும் ஆரம்பக்காரரால் அது முடியாது. ஒரு முனை 780, இன்னொரு முனை 900 என்று இருக்கும். கத்தி கடினமாகத்தான் வரும், உள்ளே எஃகின் நுண்மணிகள் பெருத்து நொறுங்கும் தன்மையோடு. ஈஎன்42ஜே என்ற ஸ்பிரிங் எஃகில் கார்பன் 0.75 சதவீதத்தை ஒட்டி, வேறு பெரிய சேர்மானம் கிடையாது. 800, 815 டிகிரிக்கு வந்தால் போதும், நேரம் பிடித்து வைக்கத் தேவையில்லை, உடனே எண்ணெய்க்கு அனுப்பலாம். கூர் நிற்பதில் ஈஎன்31-ஐவிட ஒரு படி கீழே. ஆனால் மொட்டைமாடி உலையில் அரைகுறையாகத் தோய்த்த ஈஎன்31-ஐ, நன்றாகத் தோய்த்த ஈஎன்42ஜே தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

சேலத்து இரும்புக் கடையில் போய் நின்றால் ஆங்கிள், தகடு, கம்பி கிடைக்கும். ஈஎன் என்றதும் ஈஎன்8-ஐ எடுத்து நீட்டுவார்கள். “எல்லாம் ஒண்ணுதானுங்க” என்பார்கள். ஒன்றில்லை. ஈஎன்8-இல் கார்பன் 0.4 சதவீதம்தான், போல்ட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் ஆகும், கத்திக்கு ஆகாது. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஸ்பெஷல் ஸ்டீல் விற்பவர்களிடம் டெஸ்ட் சர்ட்டிபிகேட்டோடு கேட்டு வாங்கிக்கொள்வதே வழி. சின்னத் துண்டுக்கு முகம் சுளிப்பார்கள். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உலைக்கு இந்த ஊரைவிட வசதியான இடம் கிடையாது. அடுப்புச் சூட்டைத் தாங்கும் செங்கல்லுக்கு மூலப்பொருளான மாக்னசைட்டை இங்கே சுண்ணாம்புக் குன்றுகளில் காலங்காலமாக வெட்டி எடுக்கிறார்கள். நமக்கு மாக்னசைட் கல்லே வேண்டுமென்பதில்லை, சாதாரண ஃபயர் பிரிக் பத்துப் பன்னிரண்டு இருந்தால் பெட்டி மாதிரி அடுக்கி, பக்கவாட்டில் ஒரு இரும்புக் குழாய் விட்டு, பழைய ஹேர் டிரையரைக் காற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். தேங்காய்த் தொட்டிக் கரி நல்ல சூடு தரும், சீமைக் கருவேலங்கரியும் பரவாயில்லை. சமையல் சிலிண்டரை இதற்கு இழுக்காதீர்கள், சட்டமும் இடம் தராது, வீட்டிலும் சண்டை வரும். அம்மாபேட்டை, குகை பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதல் சலுகை ஒன்று: தறிச் சத்தத்தில் உங்கள் கிரைண்டர் சத்தம் யாருக்கும் கேட்காது. புகைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

தோய்ச்சலை வெயிலில் செய்யாதீர்கள். பொழுது சாய்ந்தபின் செய்தால்தான் எஃகின் நிறம் தெரியும். அலகைக் குறட்டால் முன்னும் பின்னும் நகர்த்தி ஒரே சீராகச் சிவக்க வையுங்கள். காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். ஒட்டாத நிலைக்கு வந்த பிறகு இன்னும் ஒரு சாயல் பிரகாசமாகட்டும், அதுதான் 800. உடனே எண்ணெயில் நுனி கீழே பார்க்க நேராக இறக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் கோணும், முன்னும் பின்னும் மட்டும் அசைக்கலாம். கடலை எண்ணெய் போதும், ஐம்பது அறுபது டிகிரிக்கு முன்கூட்டியே சுடவைத்திருக்க வேண்டும்; குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும். கார் மெக்கானிக்கிடம் பழைய இஞ்சின் ஆயில் சும்மா கிடைக்கிறதே என்று போகாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. பாத்திரம் இரும்பாக இருக்கட்டும், மூடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஆறியதும் வாயில் அரத்தை வைத்தால் கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்க வேண்டும். வழுக்காவிட்டால் சூடு போதவில்லை, மறுபடி காய்ச்சலாம், எதுவும் கெட்டுப்போகவில்லை. வழுக்கினால் அன்று ராத்திரியே கேக் சுடும் ஓடிஜி அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். தோய்ச்ச அலகைப் பதம் போடாமல் நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்கக்கூடாது. கீழே விழுந்தால் இரண்டாக உடையும், சும்மா வைத்திருந்தாலும் சிலசமயம் வெடிக்கும். ஓடிஜியின் டயலில் உள்ள எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு தனி தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

கருவிகளில் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஒரு ஆங்கிள் கிரைண்டர், டிரில், நல்ல அரங்கள் இரண்டு, உப்புத்தாள், என்95 மாஸ்க், கண்ணாடி. அலகின் சரிவை அரத்தாலேயே இழுக்கலாம். நேரமாகும், ஆனால் அரம் தவறு செய்ய அவகாசம் கொடுக்காது. பெல்ட் கிரைண்டர் வாங்குவது ஐந்தாறு கத்தி செய்த பிறகு, அதுவும் ஆசை அப்போதும் மிச்சம் இருந்தால்.

வெளியே அனுப்பலாமா?

துருப்பிடிக்காத கத்திதான் வேண்டும் என்பவர்கள் வீட்டு உலையை மறந்துவிட வேண்டும். 440சி போன்ற எஃகுக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல், கட்டுப்படுத்திய ஃபர்னஸ் தேவை. கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் தொழிற்சாலை உதிரி பாகங்களுக்குத் தோய்ச்சல் போட்டுக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு கத்தியைக் கொண்டுபோனால் குறைந்தபட்சக் கட்டணம் கத்தியின் விலையைத் தாண்டும், அதனால் ஐந்தாறு அலகு சேர்ந்ததும் அனுப்பலாம். வேண்டிய கடினம் எவ்வளவு என்று எண்ணில் எழுதிக் கொடுங்கள். டி2 என்ற எஃகைச் சிலர் ஸ்டெயின்லெஸ் என்று விற்கிறார்கள். அதில் குரோமியம் 12 சதவீதம் இருந்தாலும் பெரும்பகுதி கார்பைடில் சிக்கிக்கொள்வதால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். கூர் நன்றாக நிற்கும், ஆனால் வீட்டுச் சாணைக் கல்லில் அதை மறுபடி கூராக்குவதற்குள் தோள் வலிக்கும்.

நம் ஊரிலேயே ஸ்டெயின்லெஸ் ஆலை இருக்கும்போது எதற்கு வெளியூர் என்ற கேள்வி தவறாமல் வரும். 1981-இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலையின் தகடு நாடு முழுக்கப் பாத்திரமாகியிருக்கிறது. பாத்திரத்துக்குப் போகும் 304 ரகம் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினப்படாது, அதன் இயல்பு அப்படி. ஸ்பூனுக்கு அது வரம், கத்திக்கு ஆகாது.

மலைமேல் இருப்பவர்களுக்கு மட்டும் நான் இந்த வழியை யோசிக்கச் சொல்வேன். ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கத்தில் மூடுபனி மாதங்களில் கார்பன் எஃகை ஒரு ராத்திரி துடைக்காமல் விட்டால் காலையில் செம்பழுப்புப் பூத்திருக்கும். ஆரஞ்சு, எலுமிச்சை வெட்டினால் கறுக்கும். கறுப்பது கெடுதலில்லை, அந்தப் படலம் கொஞ்சம் காப்பாற்றவும் செய்யும். கீழே சேலத்துச் சூட்டில் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் கார்பன் கத்தி வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். தினமும் துடைக்கச் சோம்பல்படாத மலைக்காரர் என்றால் அவரும் ஈஎன்42ஜே-யிலேயே தொடங்கலாம்.

கைப்பிடியும் உறையும்

பழைய வேட்டைக் கத்திப் படங்களைப் பார்த்து மான் கொம்பு தேடாதீர்கள். காட்டில் உதிர்ந்து கிடந்ததை எடுத்தேன் என்றாலும் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வளர்ப்பு எருமையின் கொம்பு அதற்கு நல்ல மாற்று, பளபளப்பும் நன்றாக ஏறும். ஈட்டி மரத்துக்கு 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள், நின்ற மரத்தைத் தொட வேண்டாம், உடைந்த பழைய கட்டில் கால் கிடைத்தால் அதிர்ஷ்டம். கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு கருங்காலித் துண்டுக்கு விலை கேட்கவே கூசுகிறது, அதிலும் பாதி சாயம் போட்டது. புளிய மரத்தின் வைரம், கருவேலம், வேங்கை எல்லாம் தாராளமாகப் போதும். எனக்குப் பிடித்தது காப்பி மரம். எஸ்டேட்டில் பழைய செடிகளைப் பிடுங்கும்போது தடித்த அடிப்பாகத்தைக் கேட்டு வாங்கி, நிழலில் ஒரு வருஷம் காயவிட்டால் நெருக்கமான ரேகையோடு வெண்ணெய் நிறத்தில் வரும். சில்வர் ஓக் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது என்பதற்காக அதை எடுக்காதீர்கள், கைப்பிடிக்கு மிருது. மரம் எதுவானாலும் அரால்டைட்டோடு பித்தளை ஆணி இரண்டாவது இருக்கட்டும், ஒட்டுப் பசையை மட்டும் நம்ப வேண்டாம்.

உறைக்குத் தோல் வாங்கும்போது குரோம் பதனிட்டதா, பட்டையில் பதனிட்டதா என்று கேளுங்கள். செருப்புக்கும் பைக்கும் வருவது பெரும்பாலும் குரோம் பதனிட்டது. அதில் மிஞ்சியிருக்கும் உப்புகள் கார்பன் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். ஈரோடு, திண்டுக்கல், திருச்சிப் பக்கம் ஆவாரம் பட்டை காலத்திலிருந்து வரும் தாவரப் பதனீட்டுத் தோல் கடினமாக, உருவம் பிடிப்பதாக இருக்கும். மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு வாங்கி, ஈரமாக்கிக் கத்தியின் மேல் அழுத்தி உருவம் எடுத்துத் தைக்கலாம். அலகைத் தோலுக்குள் வைக்கும் முன் பாலித்தீன் சுற்றிவிடுங்கள். தைத்து முடித்த பிறகும் உறை கத்தியை எடுத்துப் போவதற்கு மட்டும்தான். வீட்டில் அலமாரியில் வைக்கும்போது கத்தி வெளியே, எண்ணெய் தடவி, துணியில்.